பழனிமலை விவசாயக் குடும்பத்தின் வம்சாவளி: காட்டைப் பிடித்து நூறு வருஷம் பின்னால் போவது எப்படி

பழனிமலையில் பூர்வீகம் தேடுகிறவர்களில் பலர் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள். மூன்றாவது தலைமுறையோடு தேடல் நின்றுவிடும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் பெருமாள் மகன் ராமசாமி, ராமசாமி மகன் பெருமாள் என்று பெயர்கள் மாறி மாறி வரும். ஒரு தாத்தாவுக்கு நாலு மகன்கள் என்றால் நாலு வீட்டிலும் அதே பெயரில் ஒரு பேரன் இருப்பான். 1890-ல் எழுதிய பத்திரத்தில் வரும் பெருமாள் உங்கள் பாட்டனா, அவருடைய பெரியப்பா மகனா என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது.

பெயர்தான் இப்படித் திரும்பத் திரும்ப வரும். காடு, அதாவது சாகுபடி நிலம், இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு குறிப்பிட்ட காடு யாரிடமிருந்து யாருக்கு இறங்கியது என்று பின்னோக்கிப் போனால், அதை வைத்திருந்தவர்களின் வரிசையே வம்சாவளியின் முதுகெலும்பாக நிற்கும். வாய்மொழி, கோயில் வரி, ஜாதகம், கல்வெட்டு எல்லாம் அதன்மேல் ஏற்றவேண்டியவை. கீழே சொல்லும் முறை மேல்மலைக்கும் (பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால், பூண்டி, கிளாவரை) கீழ்மலைக்கும் (தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், பெரும்பாறை) பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களைத் தேடி அலைய வேண்டாம். 1871 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு நடந்தாலும் இங்கே மிஞ்சியிருப்பது ஊர்த்தொகையும் தொழில்வாரி எண்ணிக்கையும்தான். ஆள் பெயர் அதில் இராது.

பேச்சில் தொடங்குவது

ஆவணத்துக்குப் போவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு முடிக்க வேண்டும். ஆவணம் அடுத்த வருஷமும் அலமாரியில் இருக்கும். பெரியவர்கள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

"உங்க தாத்தாவோட அப்பா பேர் என்ன?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள், அல்லது தவறான பெயர் வரும். சடங்கை வைத்துக் கேட்டால் சரியான விடை வரும். யார் செத்தால் நமக்குத் தீட்டு? பங்காளி வட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் வந்துவிடும். இன்னாருக்குக் கொள்ளி வைத்தது யார்? மகன் யார் என்பதும், மகன் இல்லாவிட்டால் அடுத்த பங்காளி யார் என்பதும் இதில் தெரியும். பாட்டி செத்தபோது கோடி எந்த ஊரிலிருந்து வந்தது? அதுதான் பாட்டியின் பிறந்த ஊர். முதல் பிள்ளைக்குக் காது குத்த மடியில் வைத்த தாய்மாமன் யார்? பெண்வழியைப் பிடிக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

ஆண்களைவிட, வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த வயசான பெண்களிடம் அதிகம் கிடைக்கும். பிறந்த வீட்டு வரிசையும் புகுந்த வீட்டு வரிசையும் இரண்டுமே அவர்களுக்கு மனப்பாடம். ஒப்பாரியில் பெயர் சொல்லி அழுத பழக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லி "சரிதானே?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்றுவிடுவார்கள். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை.

கையோடு பார்க்க வேண்டிய வீட்டுக் காகிதங்கள்: பழைய பட்டா, தீர்வை ரசீது, ஜாதக நோட்டு, மொய் நோட்டு, பாகப்பிரிவினைப் பத்திரம், குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. தலைக்கட்டு நோட்டைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு என்று எழுதுவதால், ஒரு பெயர் எந்த வருஷம் புதிதாக ஏறுகிறது, எந்த வருஷம் விடுபடுகிறது என்று பார்த்தால் கல்யாணத்தையும் சாவையும் ஓரளவு நெருங்கிவிடலாம். தலைக்கட்டுகளை வகையறாவாரியாக எழுதியிருந்தால் கிளைப் பிரிவும் அதிலேயே கிடைக்கும்.

புல எண்ணைப் பின்னோக்கி ஓட்டுவது

குடும்பத்தில் விற்காமல் வைத்திருக்கும் மிகப் பழைய காடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வாங்கின காடு உதவாது, பூர்வீகம்தான் வேண்டும். ஊருக்கு அருகில், தண்ணீர் பாயும் படிக்கட்டு நிலமாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசியாகக் கைமாறுவது அதுதான்.

அந்த நிலத்தின் இன்றைய புல எண்ணையும் (சர்வே நம்பர்) உட்பிரிவையும் எடுத்துக்கொண்டு, அரசின் நில ஆவண இணையதளத்தில் சிட்டாவையும் (யார் பெயரில் எந்த நிலம் என்ற கணக்கு) அ-பதிவேட்டு (புல எண்வாரிக் கிராம நிலப் பதிவேடு) விவரத்தையும் பாருங்கள். அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்று தனிக் கலம் உண்டு. இன்றைய எண்கள் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லாரும் யு.டி.ஆர். என்று சொல்லும் திட்டத்தில், திருத்தி எழுதப்பட்டவை. அதற்கு முந்திய பத்திரத்தில் இருக்கும் எண்ணை இன்றைய இணையதளத்தில் தட்டினால் வேறொருவரின் காடு வரலாம். பலர் வழி தவறுவது இந்த இடத்தில்தான்.

பழைய புல எண் கிடைத்ததும் அடுத்த படி செட்டில்மென்ட் பதிவேடு. ரயத்துவாரிக் கிராமமானால், அதாவது குடியானவர் நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டிய ஊரானால், நிலத்தை அளந்து தரம் பிரித்துத் தீர்வை விதித்தபோது எழுதிய பதிவேடு அது. அதில் புல எண்ணோடு பட்டாதாரர் பெயர் இருக்கும். அந்த அளவைக்கு முந்திய பழைய நிலக்கணக்கின் எண்ணான பைமாஷ் எண்ணும் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். அந்தப் பைமாஷ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஆவணம் ஏதாவது கிடைத்தால் அதற்குச் சாவி இதுதான்.

இந்தப் பதிவேடுகளைத் தாலுகா அலுவலகம், மாவட்ட ஆட்சியரக ஆவண அறை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் கேட்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985-ல்தான். ஆகவே 19-ஆம் நூற்றாண்டுக் காகிதம் எல்லாம் மதுரை ஜில்லா என்ற பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். தாலுகாவையும் கொடைக்கானல் என்று மட்டும் தேடாமல் பழனி, பெரியகுளம், திண்டுக்கல் என்ற பெயர்களின் கீழும் பாருங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டு "இல்லை" என்று பதில் வந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம். "என் பூர்வீக விவரம் வேண்டும்" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். "இன்ன கிராமம், இன்ன பழைய புல எண்ணுக்கான செட்டில்மென்ட் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்" என்று எழுத வேண்டும். பதில் தர 30 நாள் தவணை. இல்லையென்றால் மேல்முறையீடு.

உங்கள் ஊர் ஜமீன் கிராமமாக இருந்திருந்தால் இந்தப் பாதை நடுவில் அறுந்துவிடும். ஜமீன் ஊர்களில் குடியானவர் தீர்வை கட்டியது ஜமீனுக்கு. சர்க்கார் பட்டா எழுதப்பட்டது 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முந்திய பெயர்களை ஜமீன் கணக்கிலும் நீதிமன்ற வழக்கிலும் பதிவான பத்திரத்திலும்தான் தேட வேண்டும்.

கோயில் பூசை, ஊர்மணியம் போன்ற ஊழியத்துக்கு மானிய நிலம் வைத்திருந்த குடும்பமானால் அதிர்ஷ்டம். 1858-ல் தொடங்கிய இனாம் கமிஷன் 1860-களில் எழுதிய இனாம் ஃபேர் ரிஜிஸ்டரில் மானியம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, அப்போது அனுபவித்தவர் யார், அவர் வயசு என்ன, முதல் ஆளுக்கு என்ன உறவு என்றெல்லாம் கலம் கலமாக இருக்கும். 1862-ல் 60 வயசு என்றிருந்தால் அவர் பிறந்தது 1802 வாக்கில். ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கிடைக்கும் ஆவணம் இதைப்போல் வேறில்லை.

மலைக்கே உரிய இன்னொன்று வன ஆவணம். 1882-ன் மதராஸ் வனச்சட்டப்படி ஒரு வனப்பகுதியை ரிசர்வ் ஆக்கும் முன், உரிமை கோருகிறவர்களை வனச் செட்டில்மென்ட் அதிகாரி விசாரிக்க வேண்டும். மேய்ச்சல், நடைபாதை, வனத்துக்குள் இருந்த சாகுபடித் துண்டு ஆகியவற்றுக்காக வந்து நின்றவர்களின் பெயர் அந்தக் கோப்புகளில் வரும். பட்டாவே இல்லாதவர்களின் பெயரும் அதில் இருக்க வாய்ப்பு உண்டு.

பத்திரம் வாசிப்பது

பதிவுச் சட்டம் 1860-களின் நடுவில் வந்தபின் கிரையம், ஒத்தி, போக்கியம், பாகப்பிரிவினை எல்லாம் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறத் தொடங்கின. ரோடு வருவதற்கு முன் மலைக்காரர்கள் நடந்து இறங்கிய ஊரில் பதிந்திருப்பார்கள். அதனால் பழனி, வத்தலக்குண்டு, பெரியகுளம், நிலக்கோட்டை என்று உங்கள் ஊரின் பழைய நடைபாதை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்து அலுவலகத்தை முதலில் பாருங்கள். இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியது. அதற்கு முந்தியதை மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும்.

முதல் அட்டவணை ஆள் பெயர்வாரி, இரண்டாவது அட்டவணை கிராமம், சொத்துவாரி. தேடச் சொல்வது இரண்டாவதில்தான். பெயரில் தேடினால் பெருமாள்கள் வரிசையில் நிற்பார்கள். 1-ஆம் புத்தகத்தை, அதாவது அசையாச் சொத்துப் பத்திரங்களை, கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். 3-ஆம் புத்தகத்தில் உள்ள உயிலின் நகலை, எழுதினவர் காலமான பிறகு யாரும் கேட்டு வாங்கலாம். இது தெரியாமல் "வாரிசுதான் கேட்க முடியும்" என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் நிறைய.

பழைய பத்திரத்தில் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

"ஷை" என்று வந்தால் மேற்படி. ௸ என்ற குறியும் அதுதான். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். எண்கள் தமிழில் இருக்கும். க, உ, ௩, ௪, ரு, சு, எ, அ, கூ என்று எழுத்துப் போலவே தெரிபவை 1 முதல் 9 வரை. "௲அ௱எ௰சு" என்றால் ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு: 1876. நூறு, பத்துக் குறியில்லாமல் "கஅஎசு" என்று வந்தாலும் அதே வருஷம்தான். இதை ஆள் பெயரின் முதலெழுத்து என்று நினைத்துவிட வேண்டாம்.

"ராமசாமி பாரி வேலம்மாள்" என்றால் ராமசாமியின் மனைவி வேலம்மாள். பாரி என்பதைப் பெயராக எடுத்து, இல்லாத ஒரு ஆளை மரத்தில் ஏற்றியவர்கள் உண்டு. "காலஞ்சென்ற" என்று ஒருவர் பெயருக்கு முன் வந்தால் அவர் இறப்புக்குக் கடைசி எல்லை அந்தப் பத்திரத் தேதி. "மைனர் இன்னாருக்குக் கார்டியன் தாயார் இன்னார்" என்ற வரி தங்கம். தகப்பன் இறந்துவிட்டார், பிள்ளைக்கு வயசு வரவில்லை, தாயின் பெயர் இது என்று மூன்று சேதியை ஒரே அடியில் தரும்.

ஓலையில் எழுதியதாக இருந்தால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். பெயரை உடனே முடிவு செய்யாமல், படிக்கக்கூடிய எல்லா வகையிலும் எழுதி வைத்துக்கொண்டு வேறோர் ஆவணத்தோடு பொருத்திப் பாருங்கள். எழுத்துத் தெரியவில்லை என்று எண்ணெயும் மையும் பூசுவதை நிறுத்துங்கள். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தாலே கீறல் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலை வீடுகளில் ஓலையும் காகிதமும் பூஞ்சைக் கட்டிவிடும். அந்த மாதங்களில் கட்டைப் பிரிக்காமல் தை பிறந்த பிறகு பிரிப்பது நல்லது.

இனி செக்குபந்தி, அதாவது நான்கெல்லை. பத்திரத்தில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான், ஆனால் வாசிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். "கருப்பன் பாகத்துக்கு வடக்கு, ஓடைக்குத் தெற்கு, சின்னையன் காட்டுக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு" என்று வந்தால், நம் காடு கருப்பன் பாகத்துக்கு வடக்கே இருக்கிறது, கருப்பன் தெற்கே இருக்கிறார். இதைத் திருப்பிப் படித்து வரைபடத்தைத் தலைகீழாக்குவது வழக்கமான பிழை. "காடு" என்று சொல்லாமல் "பாகம்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் பெரும்பாலும் பங்காளி. ஒரே நிலம் பிரிந்து வந்த பாகம் அது.

ஊர்ப் புலப்படத்தின் நகலை வாங்கி, கிடைத்த ஒவ்வொரு பத்திரத்தின் எல்லைக்காரர் பெயரையும் அதில் எழுதுங்கள். பத்துப் பத்திரம் சேர்ந்ததும் அண்ணன் தம்பி பாகங்கள் வரிசையாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். 1885-ல் ஒரே பெயரில் இருந்த நிலம் 1910-ல் மூன்று பெயரில் இருந்தால், நடுவில் ஒரு சாவும் ஒரு பாகப்பிரிவினையும் நடந்திருக்கின்றன. அந்த மூவரும் சகோதரர்கள் என்று உடனே எழுதக்கூடாது. இருவர் சகோதரரும் ஒருவர் இறந்த அண்ணனின் மகனுமாக இருக்கலாம். பங்கு அளவைப் பாருங்கள். சம பங்கு என்றால் சகோதரர் என்பதற்குச் சாயல் அதிகம். ஒரு பங்கு மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தால் அங்கே அடுத்த தலைமுறை வந்துவிட்டது.

பாகத் தகராறு நீதிமன்றம் போயிருந்தால் பிராதோடு வம்சாவளிப் பட்டியல் இணைத்திருப்பார்கள். தீர்ப்பு நகலிலும் அது வரும். ஆனால் வாதி போட்ட பட்டியலையும் பிரதிவாதி போட்ட பட்டியலையும் இரண்டையும் எடுங்கள். வேண்டாத கிளையை விட்டுவிட்டுப் பட்டியல் போடுவது பங்கு வழக்கில் பழைய தந்திரம்.

வருஷத்தை மாற்றுவது

கிராமக் கணக்குகள் பசலி என்ற வருவாய்க் கணக்கு வருஷத்தில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம். பசலி 1290 என்றால் 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை. வெறும் 1880 என்று எழுதினால் பாதி நேரம் தப்பு.

ஜாதகத்திலும் கல்லிலும் வருஷப் பெயர் வரும். பிரபவ என்பது 1867 சித்திரையில் தொடங்கியது. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். ஆகவே பிரபவ 1807, 1867, 1927. இவற்றில் எது என்று தீர்மானிக்க இன்னொரு ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாது. தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும் என்பதும் நினைவிருக்கட்டும். தாது வருஷம் தை மாதம் என்பது 1877 ஜனவரி.

வருஷமே சொல்லத் தெரியாத பெரியவர்களிடம் ஊரறிந்த நிகழ்ச்சிகளை வைத்துக் கேளுங்கள். தாது வருஷப் பஞ்சம் 1876–78. கொடைக்கானல் ஏரி வெட்டியது லெவிஞ்சு துரை காலத்தில், 1863-ல். பெரியாற்று அணைத் தண்ணீர் மதுரைப் பக்கம் வந்தது 1895. விஷக்காய்ச்சல் ஊரை வாரியது 1918, காளயுக்தி வருஷம். "பஞ்சத்துக்கு அப்புறம் பிறந்தவர்", "ஏரி வெட்டப் போனவர்" என்று வரும் பேச்சை இவற்றோடு பொருத்தலாம். ஆனால் பஞ்சத்தில் மலையேறி வந்த குடும்பம் என்று எல்லாக் கிளையும் சொல்லும். வந்தது 1877-லா, அதற்கு முந்தியா என்பதைப் பைமாஷும் இனாம் கணக்கும்தான் சொல்லவேண்டும்.

மேல்மலையின் மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற அஞ்சுநாட்டோடும் வட்டவடையோடும் நடந்துபோகும் உறவு இருந்த ஊர்கள் இவை. அந்தப் பக்கம் அன்று திருவிதாங்கூர், இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஆவணத்தில் கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி நடுவரை என்றால் 824, அதன் பிறகு ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். ஒரு கிளை திடீரென்று மதுரை ஜில்லா ஆவணத்தில் காணாமல் போனால், வம்சம் அற்றுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் தேவிகுளம் பக்கம் தேடிப் பாருங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிராமப் பதிவேடு தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுக்கு மலையில் அதிகம் கிடைக்காது. கிடைத்தாலும் "ஆண் குழந்தை, தகப்பன் இன்னார்" என்றுதான் இருக்கும். கொடைக்கானல் நகராட்சி 1899-ல் வந்தது. நகரெல்லைக்குள் நடந்ததை அங்கே கேட்க வேண்டும்.

பெயரும் பட்டமும்

மன்னாடி, மணியம், பட்டக்காரர், பூசாரி என்பவை பதவி. "மன்னாடியார் மகன்" என்று இரண்டு ஆவணத்தில் வந்தால் ஒரே தகப்பன் என்று ஆகாது. பதவி கைமாறியிருக்கலாம். மேட்டுவீடு, நடுவீடு, கீழவீடு போன்ற வீட்டுப் பெயர்களைக் கட்டாயம் குறியுங்கள். ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய ஊரே கண்டுபிடித்த வழி அது. பெரிய, சின்ன, நடு என்ற முன்னொட்டுகளும் அப்படியே. சின்னப்பெருமாள் எப்போதும் பெரியபெருமாளின் தம்பி அல்ல. பெரியப்பன் மகனும் சித்தப்பன் மகனுமாக இருக்கலாம்.

வயசை வைத்து ஒரு சோதனை போடுங்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் 15 வருஷத்துக்குக் குறைவாக வந்தால் ஒருவரை மற்றொருவராக எடுத்துவிட்டீர்கள். 50-க்கு மேல் வந்தால் நடுவில் ஒரே பெயர்ச் சுழற்சியால் இரண்டு தலைமுறை விழுங்கப்பட்டிருக்கக்கூடும். பெருமாள், ராமசாமி, பெருமாள், ராமசாமி என்ற வரிசையில் ஒரு ஜோடி தொலைந்தால் வரிசை அழகாகவே தெரியும், கண்ணுக்குப் படாது. வருஷக் கணக்கு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் தாரம், அக்கா இறந்தபின் தங்கையைக் கட்டியது, சுவீகாரம் எல்லாம் சகஜம். பாகத்தில் பங்கு சமமில்லாமல் போனாலோ, ஒரு மகன் பங்கு மட்டும் தாய்வழித் தாத்தா பெயரில் வந்தாலோ இவற்றில் ஒன்று இருக்கும்.

ஆண் வாரிசு இல்லாத வீட்டைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மலையின் விவசாயச் சாதியாரான குன்னுவர்களைப் பற்றி நெல்சன் 1868-ல் வெளியிட்ட மதுரை நாட்டு விவரநூலில் ஒரு வழக்கம் எழுதியிருக்கிறது. சொத்து மகளுக்கு இறங்கும் நிலை வந்தால் அவளுக்கு ஒரு சிறுவனோடோ, தகப்பன் வீட்டின் ஒரு பாகத்தோடோ பெயருக்குக் கல்யாணச் சடங்கு செய்து, அவள் பிள்ளைகளே அந்த நிலத்துக்கு வாரிசாவார்கள் என்பது அது. வெளியாள், அதுவும் சர்க்கார் உத்தியோகஸ்தர் எழுதியது. எல்லா வீட்டுக்கும் பொருத்த வேண்டியதில்லை. ஆனால் பட்டா வரிசையில் தாத்தாவுக்கு அடுத்து மகளும், பிறகு அவள் மகனும் வந்து, மருமகன் பெயரே காணோம் என்றால், நிலம் தாய்வழி இறங்கியிருக்கிறது. அங்கே தகப்பன் பெயர்க் கலத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. வீட்டார் கூச்சப்படுவார்கள் என்று ஒரு பெயரை இட்டு நிரப்ப வேண்டாம்.

பட்டா இல்லாத குடும்பங்கள்

இதுவரை சொன்ன முறை நிலம் இருந்தவர்களுக்கு. புலையர், பளியர் குடும்பங்களுக்கும், மற்றவர் காட்டில் பாடுபட்ட எல்லாருக்கும் பட்டா வரிசை என்று ஒன்று இராது. நிலக்காரர் வீட்டுக் கணக்கு, தவச அளப்பு நோட்டு, கடன் பத்திரம், வழக்கின் சாட்சிப் பட்டியல், வன உரிமைக் கோரிக்கை, காப்பித் தோட்டச் சம்பளப் பதிவு ஆகியவற்றில்தான் பெயர் வரும். தகப்பன் பெயர் போடாமல் ஒற்றைப் பெயராக வருவது வழக்கம் என்பதால், இங்கே வாய்மொழிக்கும் சாவுச் சடங்கு விவரத்துக்கும் எடை கூடக் கொடுக்க வேண்டும்.

கடல் கடந்து போனவர்களைப் பற்றி நல்ல ஆவணம் உண்டு. 1860 முதல் 1911 வரை மதராஸ் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் கப்பல் பதிவில் பெயர், தகப்பன் பெயர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் இருக்கும். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் காதுக்கு விழுந்தபடி எழுதியிருப்பார்கள். தாண்டிக்குடி என்ன பாடுபட்டிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். கங்காணி வழியாக இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இதுபோன்ற ஆள்வாரிப் பதிவை எதிர்பார்க்க முடியாது.

கிறிஸ்தவரான குடும்பங்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடே முதல் ஆதாரம். பிள்ளை, தாய் தகப்பன், ஞானப் பெற்றோர், ஊர் நாலும் ஒரே வரியில் கிடைக்கும். கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவு என்பதால் அவர்கள் பெயரையும் விடாமல் எடுக்கவும். 1895-ல் தொடங்கிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் மதுரை இயேசு சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிப் போக வேண்டும்.

பழைய நடைபாதையோரம் நிற்கும் சுமைதாங்கிக் கற்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக நட்டவை பல. கல்லில் பெண் பெயரும், நட்டவர் பெயரும், வருஷமும் வெட்டியிருந்தால் 19-ஆம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியின் பெயர் கிடைக்கும் அபூர்வ இடம் அது. சுண்ணாம்பு தேய்க்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள்.

எழுதி வைப்பது

ஓர் ஆளுக்கு ஓர் அட்டை, ஓர் எண். பெயரால் குறிப்பிட்டால் பத்தாவது பெருமாளில் குழம்பிவிடும். மூத்த தகப்பன் 1, அவர் பிள்ளைகள் 1.1, 1.2, பேரர்கள் 1.1.1 என்று போகலாம். பிறப்பு வரிசை தெரியாதபோது எண்ணுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இடுங்கள். கணினியில் வைப்பதானால் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்ளும்.

ஒவ்வொரு உறவுக்கோட்டின் மேலும் ஆதாரத்தை எழுதவும்: பத்திரம் என்றால் ப, கணக்கு என்றால் க, வாய்மொழி என்றால் வா. இரண்டு வெவ்வேறு ஆதாரம் இருந்தால் முழுக்கோடு, வாய்மொழி மட்டும் என்றால் புள்ளிக்கோடு. குலதெய்வக் கோயிலில் சொல்லும் முதல் மூதாதைக்கும் ஆவணத்தில் கிடைக்கும் முதல் பெயருக்கும் நடுவில் எத்தனை தலைமுறை என்று யாருக்கும் தெரியாவிட்டால், இடைவெளி விட்டுவிடுங்கள்.

அக்காள் மகளைக் கட்டியிருந்தால் அந்தப் பெண் பேத்தியாகவும் மருமகளாகவும் இரண்டு இடத்தில் வருவாள். அட்டை ஒன்றுதான், எண் ஒன்றுதான். இரண்டாவது இடத்தில் எண்ணை மட்டும் எழுதிக் கோடு போடுங்கள். தலைமுறையை எப்போதும் தகப்பன் வழியில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் அவள் பிள்ளைகள் ஒரு கணக்கில் ஐந்தாம் தலைமுறையிலும் இன்னொரு கணக்கில் ஆறாம் தலைமுறையிலும் நிற்பார்கள். ஆள் எண்ணிக்கையும் கூடிப்போகும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்களை ஒரே தாளில் வரைந்தால் கோடுகள் சிக்கிக்கொள்ளும். குடும்பத்துக்கு ஒரு தாள் வைத்து, எண்ணால் இணைத்தால் போதும்.